'இல்லை' வேறு, 'தெரியவில்லை' வேறு



'இல்லை' என்பதும் 'தெரியவில்லை' என்பதும் ஒன்றல்ல. சிறு பிள்ளைக்கும் விளங்கும் இவ்வேறுபாட்டைக் கணினிக்குக் கற்பிக்க அறிஞர்களுக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தேவைப்பட்டன. அவ்வரலாற்றைச் சுருக்கமாக இங்குப் பதிவு செய்கிறேன்.

1972-ஆம் ஆண்டில் பிரான்சின் மார்செய் நகரில் அலென் கொல்மெரோவரும் பிலிப் ரூசெலும் 'புரோலாக்' என்னும் நிரல்மொழியை உருவாக்கினர். எடின்பரோவில் பணியாற்றிய ராபர்ட் கோவால்ஸ்கியின் ஏரண ஆய்வு அதற்குத் துணை நின்றது. உண்மைகளையும் விதிகளையும் ஏரண (தருக்க) வடிவில் எழுதிக் கொடுத்தால், கணினியே விடையைத் தேடிக்கொள்ளும்.

ஒரு கூற்றை மெய்ப்பிக்க இயலாவிட்டால் அதனைப் பொய்யெனக் கொள்வது இம்மொழியின் வழக்கம். 1978-இல் கீத் கிளார்க் இதற்கு ஏரண அடிப்படை வகுத்தார். பேருந்து அட்டவணைக்கு இது பொருந்தும். அதில் காணப்படாத பேருந்து இல்லை என்றே கொள்ளலாம்.

1980-இல் ரேமண்ட் ரைட்டர் வேறொரு சிக்கலை ஆராய்ந்தார். பறவை என்றால் பறக்கும் என்று கருதுகிறோம். அது பென்குயின் என்று தெரிந்ததும் அக்கருத்தைக் கைவிடுகிறோம். மரபான ஏரணத்தில் புதிய செய்தி பழைய முடிவை நீக்காது. மாறாகத் தெரியாதவரை இயல்பானதையே ஏற்கும் சிந்தனைக்கு ரைட்டர் விதிமுறை தந்தார்.

இவ்விரு ஓடைகளையும் இணைத்தவர்கள் மைக்கேல் கெல்ஃபாண்டும் விளாடிமிர் லிஃப்ஷிட்சும் ஆவர். 1988-இல் 'நிலைத்த மாதிரி' என்னும் பொருள்கோள் முறையை முன்வைத்தனர். 1991-இல் வெளிவந்த கட்டுரையில், ஏரண நிரலில் இருவகை மறுப்புகளும் வேண்டும் என்று நிறுவினர். அவர்கள் காட்டிய சான்று, தண்டவாளத்தைக் கடக்கும் பள்ளிப் பேருந்து. 'தொடர்வண்டி வருவதாகத் தெரியவில்லை. ஆகவே கட' என்னும் விதி உயிருக்கே ஊறு விளைவிக்கும். 'தொடர்வண்டி வரவில்லை என்று உறுதியாகத் தெரிந்தால் கட' என்பதே முறை.

இவ்வழியில் வளர்ந்ததே 'விடைக்கண நிரலாக்கம்'. 2001-ஆம் ஆண்டளவில், அமெரிக்க விண்வெளி ஓடத்தில் கருவிகள் பழுதுற்றால் மாற்றுத் திட்டம் வகுத்துத் தரும் மென்பொருள் ஒன்றும் இம்முறையில் உருவாக்கப்பட்டது.

ஆசிரியன் என்னும் முறையில் இவ்வரலாற்றில் நான் காண்பது ஒன்று. உதவிநிதிப் பட்டியலில் பெயர் காணப்படாத மாணவன் தகுதியற்றவனா? அல்லது அவனைப் பற்றிய விவரம் இன்னும் வந்து சேரவில்லையா? கணினிக்கு இவ்விரண்டையும் பிரித்தறியக் கற்பித்துவிட்டோம். பட்டியலைப் புரட்டும் நாமும் அதனை மறவாதிருப்போம்.