குறைவாகப் பேசிய எம்.பி.



எந்த எம்.பி. எத்தனை கேள்வி கேட்டார், எத்தனை நாள் அவைக்கு வந்தார் என்று ஒரு பட்டியலை நம் குடும்பக் குழுவில் தம்பி ஒருவன் போட்டிருந்தான். பார்க்க வேண்டிய பட்டியல்தான். ஆனால் எண்ணிக்கையை மட்டும் வைத்து மார்க் போட்டால் பெரோஸ் காந்தி தேறியிருக்கவே மாட்டார்.

வகுப்பில் இந்தப் பெயரைச் சொன்னதும், "மகாத்மாவுக்குச் சொந்தமா சார்?" என்று கேட்பீர்களே, நினைவிருக்கிறதா? சொந்தம் இல்லை. பார்சி குடும்பத்தில் பிறந்தவர். இந்திராவின் கணவர், நேருவின் மருமகன். 1952-ல் ரேபரேலியிலிருந்து மக்களவைக்குப் போனார்.

முதல் மூன்று ஆண்டுகள் பெரும்பாலும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். 1955 டிசம்பரில் எழுந்தார். தனியார் இன்சூரன்ஸ் கம்பெனிகளில் பாலிசிதாரர் பணம் எப்படி வேறு பக்கம் போகிறது என்று கணக்கோடு விளக்கினார். அடுத்த மாதமே ஆயுள் காப்பீட்டை அரசு எடுத்துக்கொண்டது. அதற்கு அந்தப் பேச்சும் ஒரு முக்கியக் காரணம். 1956 செப்டம்பர் 1-ல் எல்.ஐ.சி. பிறந்தது. நம்மில் பாலிசி இல்லாத வீடு உண்டா?

அதே 1956-ல் அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதா சட்டமானது. நாடாளுமன்றத்தில் பேசியதை உள்ளபடி வெளியிடும் பத்திரிகை மீது வழக்குப் போட முடியாது என்பதே அதன் சாரம். சுதந்திரத்துக்குப் பிறகு இன்றுவரை சட்டமான தனிநபர் மசோதாக்கள் 14 மட்டுமே. அவற்றில் இது ஒன்று.

1957 டிசம்பர் 16. தான் பிறக்கக் காரணமாக இருந்த எல்.ஐ.சி.யையே கேள்வி கேட்டார். முந்த்ரா என்ற வியாபாரியின் ஆறு கம்பெனிப் பங்குகளில் சுமார் 1¼ கோடி ரூபாயைப் போட்டது ஏன் என்று கேட்டார். நிதியமைச்சர் நம் ஊர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி. ஆளுவது தன் கட்சி. பிரதமர் தன் மாமனார். ஆனாலும் பின்வாங்கவில்லை. நீதிபதி சாக்ளா பொதுமக்கள் முன்னிலையில் விசாரித்தார். 1958 பிப்ரவரியில் டி.டி.கே. பதவி விலகினார்.

1960 செப்டம்பர் 8-ல் பெரோஸ் இறந்தபோது 48 வயது நிறைய நான்கு நாள் பாக்கி.

வரலாறு சில சமயம் கொடுமையானது. 1975 டிசம்பரில், நெருக்கடி நிலையின்போது, அவர் கொண்டுவந்த அந்தச் சட்டத்தை ரத்து செய்தது அவர் மனைவியின் அரசுதான். 1977-ல் ஜனதா அரசு அதை மீண்டும் கொண்டுவந்தது.

பிள்ளைகளே, அவையில் பேசுவது பாதி வேலை. அது வெளியே நம் காதுக்கு வந்து சேர்ந்தால்தான் முழு வேலை. அதற்காகத்தான் அவர் சட்டமே கொண்டுவந்தார். ஆகவே பட்டியலைப் பாருங்கள். அதோடு நிறுத்தாமல், உங்கள் தொகுதி எம்.பி. பேசிய ஒரு பேச்சையாவது முழுதாகப் படியுங்கள். மக்களவை இணையதளத்தில் கிடைக்கிறது. படித்துவிட்டு, அதில் கணக்கு இருந்ததா, வெறும் சத்தம்தானா என்று கீழே எழுதுங்கள். திருத்திக் கொடுக்க நான் இருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்