தண்டவாளத்தின் மேலும் தலைவாசலின் மேலும்

திருச்சிராப்பள்ளி டவுன் நிலையத்தைக் கடந்து சென்னை நோக்கிச் செல்லும் புகைவண்டி, சற்று நேரத்தில் காவிரிப் பாலத்தின் மீது ஏறுகிறது. விழுப்புரத்தையும் திருச்சியையும் நேராக இணைக்கும் இந்தப் பாதை 1929-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. பாலத்தின் மேல் வண்டி ஓசையிட்டுச் செல்லும்போது பின்புறம் மலைக்கோட்டையும், முன்புறம் தென்னை மரங்களுக்கு மேலே திருவரங்கத்து இராஜகோபுரமும் கண்ணுக்குத் தெரிகின்றன. பதின்மூன்று நிலைகள், 236 அடி உயரம். வண்டியிலிருந்து அதனைப் பார்ப்போருள் பெரும்பாலோர், பல நூற்றாண்டுகளுக்கு முன்னர் ஏதோ ஓர் அரசன் எழுப்பியது என்றே எண்ணுவர். அவர்கள் எண்ணுவது பாதி உண்மை. கீழ்ப்பாதி அரசனுடையது, மேலே நிற்பதோ நம் காலத்தது.

ஆலயத்தைப் பற்றி எழுதுவது என் நோக்கமன்று, அதற்குரியவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஒரு வழியை அடைக்காமல் அதன்மேல் வானளாவ ஒரு கட்டடத்தை எழுப்புவது எங்ஙனம் என்பதே என் கேள்வி. அக்கேள்விக்கு விடை தேடி நியூயார்க் வரை செல்ல வேண்டியிருக்கிறது. ஆனால் தொடங்குமிடம் திருவரங்கம்தான்.

விஜயநகரத்து அச்சுத தேவராயர் காலத்தில் தொடங்கப்பட்டது என்று சொல்லப்படும் இக்கோபுரம், 17 மீட்டர் உயரத்தோடு நின்றுபோயிற்று. மொட்டைக் கோபுரம் என்றே ஊரார் அதனை அழைத்து வந்தனர். கட்டடக்கலை வரலாற்றாசிரியரான ஜேம்ஸ் பெர்குஸன், 1876-இல் வெளியிட்ட தமது நூலில், இங்கு முற்றுப்பெறாமல் நின்ற வெளி வாயிலின் அளவுகளைக் குறித்திருக்கிறார். நடுவே செல்லும் வழியின் அகலம் 21½ அடி; உயரம் அதைப்போல் இருமடங்கு. இருபுறமும் நிற்கும் நிலைக்கால்கள் ஒவ்வொன்றும் 40 அடிக்கு மேற்பட்ட ஒரே கருங்கல். மேலே பாவிய கற்கள் 23 அடி முதல் 24 அடி வரை நீளமுள்ளவை. வழக்கமான செங்கல் மேற்கட்டு இதன்மேல் எழுந்திருக்குமானால் மொத்த உயரம் ஏறத்தாழ 300 அடியை எட்டியிருக்கும் என்பது அவர் கணிப்பு. திருச்சியைக் கைப்பற்ற ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் நடத்திய போரே வேலை நின்றதற்குக் காரணம் என்றும் அவர் எழுதினார். அரசர் மறைந்ததே காரணம் என்பார் பிறர்.

இந்த அளவுகளைச் சற்றே நிதானித்து நோக்குவோம். கருங்கல் அழுத்தத்தைத் தாங்கும், வளைவைத் தாங்காது. 21½ அடி இடைவெளியின் மீது குறுக்கே கிடத்திய கற்பாளத்தின் நடுவில் பெரும்பாரத்தை ஏற்றினால் அது முறிந்துபோகும். கீழே நடந்து செல்வோரின் உயிர் அந்தக் கல்லை நம்பி நிற்கிறது. ஆகவே மேலே எவ்வளவு உயரம் கட்டினாலும் அதன் எடை நடுவில் இறங்காமல் இருமருங்கும் உள்ள பருமனான அடித்தளங்களுக்குப் போய்ச் சேர வேண்டும். நம் ஸ்தபதிகள் இதனைச் செய்த விதம் எளியது. மேற்கட்டுக்குக் கல்லைத் தவிர்த்து எடை குறைந்த செங்கல்லைக் கொண்டார்கள். உட்புறத்தைக் கூடாக விட்டார்கள். நிலைக்கு நிலை அகலத்தைக் குறைத்தார்கள். வழிக்கு நேர் மேலே ஒவ்வொரு நிலையிலும் ஒரு வாசலைத் திறந்து வைத்தார்கள். அவ்வாசல்கள் அழகுக்காக மட்டும் அமைந்தவை அல்ல. எங்கே பாரம் கூடாதோ அங்கே சுவரே இல்லை!

1979-இல் அகோபில மடத்தின் 44-ஆம் ஜீயர் முன்னின்று தொடங்கிய பணி, எட்டாண்டுகள் நடந்து 1987 மார்ச் 25-இல் குடமுழுக்கோடு நிறைவெய்திற்று. பொருள் தந்தவர்களுள் இசையமைப்பாளர் இளையராஜாவும் ஒருவர். சிமெண்டும் இரும்புக் கம்பியும் கைக்கு வந்துவிட்ட காலத்தில் கட்டப்பட்டும், பாரத்தை இறக்கும் முறையில் பழைய இலக்கணமே பின்பற்றப்பட்டது. வேறு வழியுமில்லை. கால் ஊன்றும் இடத்தை நானூறு ஆண்டுகளுக்கு முன்னரே வேறொருவர் முடிவு செய்துவிட்டார் அன்றோ!

இதே சிக்கல் நியூயார்க்கில் வேறு உருவில் எழுந்தது. நகரின் நடுவே அமைந்த கிராண்ட் சென்ட்ரல் நிலையத்துக்கு வரும் வண்டிகள் நிலத்தடிப் பாதையில் புகையைக் கக்கிக்கொண்டே வந்தன. 1902 சனவரியில் அப்புகையில் அடையாளக் கைகாட்டி தெரியாமல் ஒரு வண்டி மற்றொன்றின் மீது மோதியதில் 15 பேர் இறந்தனர். அதன் விளைவாக 1908 முதல் மன்ஹாட்டனில் நீராவி எஞ்சின் தடை செய்யப்பட்டது. இருப்புப்பாதையின் தலைமைப் பொறியாளர் வில்லியம் வில்கஸ் இந்த இடத்தில்தான் கூர்மையாகச் சிந்தித்தார். மின்சார வண்டிக்குப் புகையில்லை. புகை இல்லையெனில் திறந்தவெளியும் வேண்டியதில்லை. எனவே தண்டவாளங்களை மூடி, அவற்றின் மேலுள்ள வெறும் காற்றையே விற்கலாம்! அவ்விதமே செய்தார்கள். 1913-இல் புதிய நிலையம் திறக்கப்பட்டது. அதனைச் சுற்றி, ஓடும் வண்டிகளின் தலைக்கு மேல் மாளிகைகள் எழுந்தன. 1931-இல் திறக்கப்பட்ட 47 மாடி வால்டார்ஃப் அஸ்டோரியா விடுதியும், 1963-இல் முடிந்த 59 மாடி பான் ஆம் கட்டடமும் அத்தகையவை.

அங்கே கட்டுபவர் விரும்பிய இடத்தில் தூணை நிறுத்த முடியாது. தண்டவாளங்கள் மேலும் கீழுமாக இரண்டு அடுக்குகள். இரண்டிலும் எங்கே இடைவெளி கிடைக்கிறதோ அங்கே மட்டும் தூண் இறங்கிப் பாறையைத் தொட வேண்டும். எஃகு இல்லையேல் இது நடவாது. அதன் தூண் மெலிது. உத்தரம் நீண்ட இடைவெளியைத் தாண்டும். பட்டறையிலேயே வெட்டித் துளையிட்டுக் கொண்டுவந்து, வண்டிகள் குறைந்த இரவு நேரத்தில் தூக்கிப் பொருத்திவிடலாம். வண்டி ஓடும் அதிர்ச்சி மேலே உறங்குபவரை எழுப்பாதிருக்க, தூணின் அடியில் ஈயமும் கல்நாரும் அடுக்கிய மெத்தைகளை வைத்தார்கள். 1961-இல் முடிந்த 52 மாடி யூனியன் கார்பைடு கட்டடத்தில் மின்தூக்கிகள் இரண்டாம் தளத்திலிருந்தே புறப்பட்டன. மின்தூக்கிக்கு அடியில் வேண்டிய குழியைத் தோண்டத் தண்டவாளம் இடம் தரவில்லை! அக்கட்டடத்தை இடித்துவிட்டு, அதே மனையில் 1,388 அடி உயரமான புதிய எஃகு மாளிகையை எழுப்பி 2025-இல் திறந்தார்கள். தரையருகே அதன் தூண்கள் விசிறிபோல் மடங்கிச் சில புள்ளிகளில் மட்டும் கால் ஊன்றுகின்றன. அதன் படத்தைப் பார்த்தபோது எனக்குத் திருவரங்கத்து வாயிலின் இருமருங்கும் நிற்கும் அடித்தளங்களே நினைவுக்கு வந்தன.

டாக்காவில் பிறந்து, சிகாகோவில் 1,450 அடி உயரமான சியர்ஸ் கோபுரத்துக்கு உருக்கொடுத்த மர்ஹூம் ஃபஸ்லுர் ரஹ்மான் கானை இங்கே எண்ணாமல் இருக்க இயலவில்லை. உள்ளே தூண்களை நெருக்காமல், பாரத்தையும் காற்றின் தாக்குதலையும் வெளிச்சுவரே குழாய்போல் தாங்கட்டும் என்பது அவர் கண்ட வழி. கோபுரமும் ஒருவகைக் கூடுதானே என்று ஒப்பிடத் தோன்றுகிறது. எனினும் கோபுரம் தன் எடையாலேயே காற்றை வெல்கிறது. கானின் கட்டடமோ எடையைக் குறைத்துக்கொண்டு வென்றது. ஜித்தாவின் ஹஜ் முனையத்துக்குக் கூடாரக் கூரை அமைத்த பணியிலும் பங்குகொண்ட அவர், அந்நகரிலேயே 1982-இல் காலமானார்.

நம் நாட்டில் காந்திநகர் நிலையத்தின் தண்டவாளங்களுக்கு மேல் 318 அறைகள் கொண்ட விடுதி ஒன்று 2021-இல் திறக்கப்பட்டது. திருச்சிக்கு அத்தகைய கட்டடம் வாய்க்கவில்லை. 1928-இல் நாகப்பட்டினத்திலிருந்து இடம்பெயர்ந்த பொன்மலைப் பணிமனையும், 1960-களில் வந்த பாரத மிகுமின் நிறுவனமும் இரும்பை வளைக்கத் தெரிந்த கைகளைத் தலைமுறை தலைமுறையாக இவ்வூரில் உருவாக்கியிருக்கின்றன. குறை கைத்திறனில் இல்லை. தண்டவாளத்தின் மேல் கட்டுவதன் தொல்லையை ஊரார் அறிந்தது கோட்டை நிலையத்தருகேதான். கரூர்ப் பாதையின் மேல் 1866-இல் எழுந்த பழைய மேம்பாலம் வலுவிழந்து இடிக்கப்பட்டபோது, மறுகரையில் இருந்த கடைக்குப் போக ஊரைச் சுற்றியவர்களுள் நானும் ஒருவன். கீழே வண்டி, அதன்மேல் 25,000 வோல்ட் மின்கம்பி. இத்தகைய இடத்தில் வேலைக்காரன் நாள் முழுதும் காத்திருந்து, லைன் பிளாக் கிடைக்கும் இரண்டொரு மணி நேரத்தில் உத்தரத்தை நகர்த்த வேண்டும். தாமதத்தைத் திட்டிய நாங்கள் அதனை நினைத்துப் பார்க்கவில்லை.

வண்டி திருவரங்கம் நிலையத்தைத் தாண்டிக் கொள்ளிடத்தை நெருங்குகிறது. தெற்கு வாயில் முடிந்துவிட்டது. ஏழாம் பிரகாரத்தின் ஏனைய வாயில்களில் கல் அடித்தளங்கள் மட்டும், மேலே எதுவுமின்றி, வழியை விட்டு நிற்கின்றன.