தாயின் பசியும் சேயின் கணையமும்

கொள்ளிடத்தின் வடபுறத்தே, அரியலூர்ச் சீமையிலுள்ள ஏலாக்குறிச்சிக்குத் திருக்காவலூர் என்று பெயர் சூட்டி, அங்கு எழுந்தருளிய அடைக்கல மாதாவின்மீது கலம்பகமும் பாடியவர், 1680இல் இத்தாலியில் பிறந்து தமிழராகவே வாழ்ந்த வீரமாமுனிவர். ராஜபிளவையால் வருந்திய அரியலூர் மழவராயர் ஒருவர் முனிவரின் சிகிச்சையால் குணமடைந்து, ஆலயத்துக்கு நிலதானம் செய்தார் என்பது அந்த ஸ்தலத்தில் வழிவழியாக வழங்கிவரும் ஐதிகம். மழவராயருக்கு மூலவியாதி யாதென்று இன்று எவரும் நிர்ணயிக்க இயலாது. ஆயினும், ராஜபிளவை நீரிழிவுக்காரரை எளிதில் பற்றும் கட்டியாதலால், நீரிழிவின் பூர்வ சரித்திரத்தை ஆராய இவ்வூர் ஏற்ற இடமே.

நீரிழிவு செல்வர்களின் வியாதி என்றே நெடுங்காலம் நம்மவர் கருதிவந்தனர். ஆனால் சுசுருத ஸம்ஹிதையோ, மிதமிஞ்சி உண்டு ஸ்தூலித்தவர்க்கு வருவது ஒன்று, பிறவியிலேயே அமைந்து மெலிந்தவரை வாட்டுவது மற்றொன்று என இருவகையாக அதைப் பிரித்துக் கூறியது. பின்னதற்குப் பெற்றோரின் பீஜதோஷமே காரணம் என்றது அந்நூல். நீரிழிவுக்குக் கர்ப்பவாசத்தில் நேரும் பசியும் ஒரு காரணமாகலாம் என்பது நம் காலத்து ஆராய்ச்சி கண்ட உண்மை.

வரகும் கம்பும் சோளமும் விளையும் அரியலூரின் மானாவாரிப் பிரதேசத்தில் மழை பொய்த்த ஆண்டுகளில் கர்ப்பிணிகள் பட்ட பாட்டை எந்தக் கல்வெட்டும் கூறவில்லை. வளைகாப்பன்று சித்திரான்னங்களை வகைவகையாகப் படைத்த அதே இல்லங்களில், சிசு பெருத்தால் பிரசவம் கஷ்டமாகும் என்றஞ்சி மற்ற நாட்களில் கர்ப்பிணியின் ஆகாரத்தைச் சுருக்கிய வழக்கமும் உண்டு. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வதைத்த தாது வருஷப் பஞ்சத்திலோ, ஏழைகளுக்குச் சுருக்குவதற்கும் ஆகாரமில்லை.

தாயின் பசி சிசுவைத் தாக்கும் விதம் இது: தாயின் இரத்தத்திலுள்ள குளுக்கோஸ் நஞ்சுக்கொடியின் வழியே சிசுவை அடையும். அவளது இன்சுலின் அடையாது. ஆதலால் சிசு தன் கணையத்திலேயே இன்சுலினைச் சுரக்கவேண்டும். அதற்குத் தூண்டுகோலும் வளர்ச்சிக்கு மூலதனமும் அந்தக் குளுக்கோஸே. அது நெடுநாள் குறைந்திருப்பின், கணையம் சுரப்பைக் குறைத்துச் சிக்கனத்தைப் பழகிவிடுகிறது. அமெரிக்காவின் கொலராடோ விஞ்ஞானிகள் சினையாடுகளில் நடத்தி 2003இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், இவ்வாறு சர்க்கரை குறைந்திருந்த கருக்குட்டிகளுக்குப் பின்னர் அதை இயல்பு நிலைக்குக் கொணர்ந்தபோதும், சுரக்கும் திறன் உடனே முழுமையாக மீளவில்லை. 1944–45இல் ஹாலந்தில் நேர்ந்த பஞ்சத்தின்போது கர்ப்பத்திலிருந்தோர், முதிர்ந்த வயதில் குளுக்கோஸைக் கையாளும் ஆற்றலில் குன்றியிருந்தனர். கருவில் பழகிய சிக்கனமே பிற்காலத்தில் நீரிழிவுக்கு இடந்தருகிறது என்ற கொள்கையை ஹேல்ஸ், பார்க்கர் என்ற இருவர் 1992இல் வெளியிட்டனர்.

தாயின் சர்க்கரை மிகுந்தாலும் கேடே. அப்போது சிசுவின் கணையம் அளவுக்கு மீறிச் சுரக்கிறது. ஆகவே கர்ப்பிணிக்கு வேண்டுவது மிகையுமன்று, குறையுமன்று. நாள்தோறும் தவறாத சமநிலையான உணவு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் பெயரால் தமிழக அரசு கர்ப்பிணிகளுக்கு வழங்கும் உதவியை வெறும் தர்மமென்று கருதுவோர், அது அடுத்த தலைமுறையின் வியாதியைத் தடுக்கும் வைத்தியமும் ஆகும் என்பதை உணரவேண்டும். வளைகாப்பன்று ஒருநாள் செய்யும் உபசாரத்தைக் கர்ப்பகாலம் முழுவதற்கும் உரிய கடமையாக ஒவ்வொரு குடும்பமும் ஏற்பதே இச்சரித்திரம் நமக்குக் கற்பிக்கும் பாடம்.