ஒலி வந்த வழி – 17: பாட்டு சுருங்கியது, பெட்டி சுருங்கவில்லை

வீட்டிலேயே டிஜிட்டல் ஜூக்பாக்ஸ் செய்பவர்கள் வாங்கும் சாமான்களைப் பார்த்தால் ஒரு முரண் கண்ணில் படும். பாட்டை எடுத்துத் தரும் பகுதி உள்ளங்கையில் அடங்கிவிடுகிறது. 2012-ல் 35 டாலருக்கு வந்த ராஸ்பெர்ரி பை போன்ற ஒரு குட்டிக் கணினியும் நகத்தளவு மெமரி கார்டும் போதும். நாலு நிமிடப் பாட்டு எம்பி3 வடிவில் சுமார் 4 எம்பி. 32 ஜிபி கார்டில் ஏறக்குறைய 8,000 பாட்டு பிடிக்கும். இதற்காகக் கட்டும் பெட்டியோ நெஞ்சு உயரம் நிற்கிறது. உள்ளே 12 அங்குல ஸ்பீக்கர்கள். பழைய அமெரிக்க மதுக்கூடங்களின் அழகை நகலெடுக்கும் ஆசை என்று பலரும் இதை ஒதுக்கிவிடுகிறார்கள். சிலிண்டர், 78 வேகத் தட்டு, 45 வேகத் தட்டு, சிடி, கோப்பு என்று பாட்டு குடியிருந்த இடம் நான்கு முறை மாறியிருக்கிறது. ஆனாலும் பெட்டி பெரிதாகவே நின்றதற்கு ஆசையைவிட வலுவான காரணம் இருக்கிறது.

முதல் இயந்திரத்திலேயே அதற்குத் தடயம் உண்டு. 1889 நவம்பர் 23 அன்று, சான் பிரான்சிஸ்கோவின் பாலே ராயல் மதுக்கூடத்தில், எடிசனின் மின்சார ஃபோனோகிராஃப் ஒன்றில் காசு போடும் பொறியைப் பொருத்தி வைத்தார் லூயி கிளாஸ். டாக்டர் காதில் மாட்டும் ஸ்டெதாஸ்கோப் போல நான்கு குழாய்கள் அதிலிருந்து நீண்டன. நாணயம் போட்டவர் காதில் மட்டும் பாட்டு ஒலித்தது. பக்கத்தில் நின்றவருக்கு எதுவும் கேட்கவில்லை. காசு வாங்கும் வித்தை அன்றே முழுமையடைந்துவிட்டது. ஆனால் ஓர் அறையே எழுந்து ஆடுவதற்கு அந்த இயந்திரத்தில் வழியில்லை.

வழி பிறந்தது ஸ்பீக்கரால். 1925-ல் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ரைஸ், கெல்லாக் இருவரும் காந்தத்துக்கு நடுவே கம்பிச்சுருள் அசையும் ஒலிபெருக்கியை விளக்கிக் கட்டுரை வெளியிட்டனர். இன்றைய ஸ்பீக்கர்களில் பெரும்பாலானவை அந்த வம்சம்தான். 1927-ல் ஆட்டோமேட்டிக் மியூசிக்கல் இன்ஸ்ட்ருமென்ட் கம்பெனி, ஆம்ப்ளிஃபயர் வைத்த தட்டு இயந்திரத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1933 இறுதியில் அமெரிக்காவில் மதுவிலக்கு முடிவுக்கு வந்ததும், வாத்தியக் குழுவுக்குச் சம்பளம் தர வசதியில்லாத சிறு கடைகள் இந்தப் பெட்டிகளை நாடின. 1946-ல் பால் ஃபுல்லர் வடிவமைத்து வெளிவந்த வுர்லிட்சர் 1015-ல் இருந்தவை வெறும் 24 தட்டுகள். அது 56,000-க்கு மேல் உற்பத்தியானது. 1948-ல் சீபர்க் நிறுவனத்தின் எம்100ஏ 50 தட்டுகளின் இரு பக்கங்களையும் வாசித்து 100 பாட்டு தந்தது. பாட்டின் எண்ணிக்கை நாலு மடங்கானாலும், ஆடுகிறவர்களின் காலடிவரை தாளத்தைக் கொண்டுபோகும் வேலை அப்படியே இருந்தது. அந்த வேலையைச் செய்தது ஸ்பீக்கரும் அதைத் தாங்கிய மரமும்.

ஸ்பீக்கரின் கூம்பு முன்பக்கம் காற்றைத் தள்ளும்போது பின்பக்கம் காற்றை இழுக்கிறது. இரண்டும் சந்தித்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். முதலில் சாவது பாஸ்தான். 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் எட்டரை மீட்டர் என்பதால், ஒரு பலகையைக் குறுக்கே வைத்து அதைத் தடுத்துவிட முடியாது. பின்பக்கத்தை மூடத்தான் வேண்டும். மூடிய காற்றையே வேலை வாங்கலாம் என்று காட்டியவர் பெல் ஆய்வகத்தின் ஆல்பர்ட் துராஸ். அளவெடுத்துத் திறந்த ஒரு துவாரம் பாஸுக்குக் கைகொடுக்கும் என்ற அவருடைய காப்புரிமை 1932-ல் பதிவானது. துவாரம் எவ்வளவு நீளம், பெட்டி எத்தனை லிட்டர் என்பதெல்லாம் அன்று பெரும்பாலும் சோதித்துப் பார்த்துத்தான் தெரிந்தது. 1961-ல் ஆஸ்திரேலியாவின் நெவில் தீல், எழுபதுகளில் ரிச்சர்ட் ஸ்மால் ஆகியோர் அதைக் கணக்காக்கினார்கள். ஸ்பீக்கருடன் வரும் தாளிலுள்ள சில எண்களை வைத்து, யாரும் வீட்டு மேசையிலேயே பெட்டியின் அளவைப் போட்டுவிடலாம்.

டிஜிட்டல் இதற்குமேல் ஒரு வரத்தையும் தந்திருக்கிறது. பழைய ஜூக்பாக்ஸில் தட்டும் ஊசியும் ஸ்பீக்கரும் ஒரே கூட்டில் குடியிருந்தன. பாஸ் அதிர்ந்தால் ஊசி அதிரும். அந்த அதிர்வு மறுபடி ஆம்ப்ளிஃபயருக்குள் போய் ஊளையிடும். வால்வுகளின் சூடு வெளியேறவும் கூட்டில் திறப்பு விட வேண்டியிருந்தது. மெமரி கார்டுக்கு அதிர்வு பொருட்டே இல்லை. இன்றைய ஆம்ப்ளிஃபயருக்குச் சூடும் குறைவு. ஆகவே தட்டு இயந்திரம் விட்டுப்போன இடம் முழுவதும் ஸ்பீக்கருக்கே சேர வேண்டும். கணினியும் மின்சாரப் பகுதியும் மேல் அறையில். கீழே 18 மில்லிமீட்டர் பிளைவுட்டில் காற்றுப் புகாத தனி அறை. எதிரெதிர்ப் பலகைகளை இணைத்து நடுவில் ஒரு குறுக்குச் சட்டம், மூட்டெல்லாம் பசை, வயர் நுழையும் ஓட்டையில்கூட அடைப்பு. ஒரு சிறு இடுக்கு விட்டாலும் போட்ட கணக்கு பொய்த்து, பாஸ் அடிக்கும்போது அங்கே காற்று சீறும்.

கையடக்க புளூடூத் ஸ்பீக்கரே இன்று அதிரவைக்கிறதே என்ற கேள்வி நியாயமானது. சிறிய கூம்பைக் கணினித் திருத்தத்தால் வலிந்து அசைத்துத்தான் அது பாஸ் தருகிறது. ஆனால் அதிர்வெண் பாதியானால், அதே சத்தத்துக்குக் கூம்பு நான்கு மடங்கு அசைய வேண்டும். அசையும் எல்லை தீர்ந்ததும் உள்ளிருக்கும் சில்லு பாஸைக் குறைத்துவிடும். அதனால்தான் படுக்கையறையில் முழங்குவது கல்யாண மண்டபத்தில் மெலிகிறது. வாட்ஸைக் கூட்டினால் போதாதா? ஒரு வாட்டில் 80 டெசிபல் தரும் ஸ்பீக்கர் நூறு வாட்டில் எட்டும் சத்தத்தை, 90 டெசிபல் தருவது பத்து வாட்டில் எட்டிவிடும். சிறிய பெட்டி, ஆழமான பாஸ், குறைந்த மின்சாரம் மூன்றும் சேர்ந்து கிடைக்காது. எந்த இரண்டு வேண்டும் என்று முடிவு செய்வதே பெட்டி கட்டுபவரின் முதல் வேலை.

பாட்டைத் தேர்ந்தெடுக்கும் உரிமைதான் ஜூக்பாக்ஸின் உயிர், மரம் வெறும் சட்டை என்று வாதிடுவோரும் உண்டு. தேர்வுக்கு மதிப்பு வருவது அதை மற்றவர்களும் கேட்கும்போதுதான். ஒருவர் பொத்தானை அழுத்துகிறார், முன்பின் தெரியாத இருபது பேர் அதற்கு ஆடுகிறார்கள். இந்த உறவை முதலில் சாத்தியமாக்கியது ஒலிபெருக்கி. எல்லோர் கைபேசியிலும் எல்லாப் பாட்டும் இருந்தும், காதில் இயர்போனுடன் நாம் மறுபடி கிளாஸின் காதுக்குழாய்க்கே போய்விட்டோம். வீட்டில் பிளைவுட்டை அறுத்துப் பெரிய பெட்டி கட்டுபவர், பாட்டைத் திரும்பவும் பலர் கூடிக் கேட்கும் இடத்துக்குக் கொண்டுவருகிறார். அந்த உழைப்பை வெறும் பழமை மோகம் என்று தள்ளிவிடுவது அநியாயம்.

அடுத்த வாரம்: அலமாரி உயரப் பெட்டிகளைத் தாங்களே கட்டித் தெருவில் நிறுத்திய ஜமைக்காவின் சவுண்டு சிஸ்டம்காரர்கள்.