சிறிய கணிப்பொறியின் சிக்கனம்

சிக்கனம் என்றவுடன் நாம் காசையே நினைக்கிறோம். பொறியமைப்பிலும் சிக்கனம் ஒரு கலையாகும். அதற்குச் சான்றாகப் பி.டி.பி.-8 என்னும் கணிப்பொறியைப் பற்றி இன்று கூற விரும்புகிறேன். அமெரிக்காவில், மாஸசூஸெட்ஸ் மாநிலத்து மேனார்டு என்னும் ஊரில், பழைய கம்பளி ஆலையொன்றில் இயங்கிவந்த டிஜிட்டல் எக்விப்மெண்ட் நிறுவனம் 1965-ஆம் ஆண்டில் அதனை வெளியிட்டது.

அந்நிறுவனத்தின் முதற் கணிப்பொறியான பி.டி.பி.-1இன் விலை 1,20,000 டாலர். பி.டி.பி.-8இன் விலையோ 18,000 டாலர். இத்துணை இறக்கம் எவ்வாறு இயன்றது? டிரான்சிஸ்டர்கள் மலிவானது ஒரு காரணம். சொல்லின் நீளத்தைக் குறைத்தது மற்றொரு காரணம்.

கணிப்பொறி ஒரே வீச்சில் கையாளும் இலக்கத் தொகுதியைச் சொல் என்பர். பி.டி.பி.-1இல் ஒரு சொல்லுக்கு 18 இலக்கங்கள், பி.டி.பி.-8இல் 12 இலக்கங்களே. இலக்கம் ஒவ்வொன்றும் 0 அல்லது 1. அதன் நினைவகம், மெல்லிய கம்பிகளில் கோத்த ஃபெரைட் வளையங்களால் ஆனது. வளையம் ஒரு திசையில் காந்தமேறினால் 1; மறுதிசையில் ஏறினால் 0. 4,096 சொற்களுக்கு 49,152 வளையங்கள் போதுமாயின. மின்சாரம் நின்றாலும் எழுதியது அழியாது. வேண்டுவோர் நினைவகத்தை 32,768 சொற்கள் வரை பெருக்கிக்கொள்ளலாம்.

கட்டளையும் ஒரு சொல்லுக்குள்ளேயே அடங்கவேண்டும். முதல் மூன்று இலக்கங்கள் செயலைக் குறிக்கும். இரண்டின் மூன்றாம் அடுக்கு எட்டு அன்றோ? ஆதலின் அடிப்படைக் கட்டளைகள் எட்டே. அவற்றுள் கூட்டல் உண்டு, கழித்தல் இல்லை!

9இலிருந்து 4ஐக் கழிக்கவேண்டுமென்று கொள்வோம். 4இன் இலக்கங்களில் 0 அனைத்தையும் 1 ஆகவும், 1ஐ 0 ஆகவும் மாற்றினால் 4,091 வரும். ஒன்று கூட்டினால் 4,092. அதனோடு 9ஐச் சேர்த்தால் 4,101. பன்னிரண்டு இலக்கங்களில் 4,095 வரைதான் அடங்கும். ஆகவே 4,096 வெளியேறிவிட, எஞ்சுவது 5. விடை சரியே!

இச்சிக்கனத்துக்கு விலையும் உண்டு. கட்டளையில் முகவரிக்கு ஏழு இலக்கங்களே எஞ்சியமையால், நினைவகத்தை 128 சொற்கள் கொண்ட பக்கங்களாகப் பிரித்தனர். நடப்புப் பக்கத்தையும் முதற்பக்கத்தையும் தவிர, பிற பக்கத்திலுள்ளதை நேரே எடுக்க இயலாது. அதன் முழு முகவரியை வேறொரு சொல்லில் எழுதிவைத்து, அதன் வழியே செல்லவேண்டும். பொறியில் மிச்சமான உழைப்பு, நிரல் எழுதுவோர் தலையில் ஏறிற்று.

இது தகுமா எனின், தகும் என்பேன். பெருங்கணிப்பொறி இருந்த இடத்தில் துளையட்டைகளைக் கொடுத்துவிட்டு விடைக்குக் காத்திருந்த ஆய்வாளர், தம் ஆய்வகத்திலேயே ஒரு கணிப்பொறியின்முன் அமர முடிந்தது. இவ்வகைப் பொறிகள் ஐம்பதினாயிரத்துக்கு மேல் விற்பனையாயின. கணிதம் கற்பித்த எனக்கோ வேறொரு சிறப்பும் தோன்றுகிறது: எட்டுக் கட்டளைகளே ஆகையால், ஊக்கமுள்ள மாணவன் ஒருவன் அதன் இயக்கம் முழுவதையும் அறிந்துகொள்ளலாம். முழுதும் விளங்கிய பொருளிடம் அச்சம் இராது.

இன்றைய கணிப்பொறிகளும் இதே நிரப்பெண் முறையில்தான் கழிக்கின்றன. தாளெடுத்து, 12இலிருந்து 7ஐ இம்முறையில் நீங்களே கழித்துப் பாருங்கள்.