ஒரு கிண்ணம் ஐஸ்கிரீமின் கணக்கு

ஒரு டின் கண்டென்ஸ்டு மில்க். இரண்டு கப் விப்பிங் க்ரீம். ஒரு டீஸ்பூன் வெனிலா எசென்ஸ். க்ரீமை நுரைக்க நுரைக்க அடித்து, மற்ற இரண்டையும் சேர்த்துக் கலந்து, மூடி போட்ட டப்பாவில் ஊற்றி ஃப்ரீஸரில் வைத்துவிட வேண்டியது. ராத்திரி வைத்தால் மறுநாள் மதியச் சாப்பாட்டுக்கு ஐஸ்கிரீம் ரெடி. அடுப்பு வேண்டாம், மெஷின் வேண்டாம். பன்னிரண்டு வயசுப் பிள்ளைகூடச் செய்துவிடும்.

இது சுலப ரகம்.

கொஞ்சம் கஷ்டமான ரகமும் உண்டு. முட்டையின் மஞ்சள் கருவைச் சர்க்கரையோடு அடித்து, காய்ச்சிய க்ரீமைக் கொஞ்சம் கொஞ்சமாக அதில் விட்டு, மறுபடி சிறு தீயில் வைத்துக் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். கரண்டியின் முதுகில் ஒட்டுகிற பதம் வந்ததும் இறக்கிவிட வேண்டும். ஒரு நிமிஷம் அசந்தாலும் போச்சு. முதல் தடவை நான் முயன்றபோது செல்போன் அடித்தது. எடுத்துப் பேசிவிட்டு வந்து பார்த்தால், பாத்திரத்தில் இருந்தது இனிப்பு முட்டைப் பொரியல்!

இதைவிடக் கஷ்டமான மூன்றாவது ரகம் ஒன்று இருக்கிறது. அதைச் செய்யச் சொல்லி உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டேன். ஆனால், அதன் கதையைக் கேட்டே ஆக வேண்டும்.

அமெரிக்காவின் மூன்றாவது ஜனாதிபதி தாமஸ் ஜெஃபர்சன் தன் கைப்பட எழுதிய ஒரு சமையல் குறிப்பு, அந்நாட்டு காங்கிரஸ் நூலகத்தில் பத்திரமாக இருக்கிறது. வெனிலா ஐஸ்கிரீம்! இரண்டு பாட்டில் நல்ல க்ரீம், ஆறு முட்டையின் மஞ்சள் கரு, அரை பவுண்டு சர்க்கரை, ஒரு வெனிலா காய். காய்ச்சுவது, கிண்டுவதெல்லாம் மேலே சொன்ன மாதிரிதான். அப்புறம்தான் இருக்கிறது வேலை. துணியில் வடிகட்டி, நீளமான உலோகக் குடுவையில் ஊற்றி, ஐஸ் வாளிக்குள் இறக்க வேண்டும். ஐஸ் மேல் உப்பைத் தூவ வேண்டும். குடுவையைக் கையாலேயே சுற்ற வேண்டும். நடுநடுவே திறந்து, ஓரத்தில் உறைந்ததைச் சுரண்டிவிட வேண்டும். மறுபடி மூடு, மறுபடி சுற்று. கடைசியில் அச்சுக்குள் அடைத்து மறுபடியும் ஐஸுக்குள் புதைக்க வேண்டும்.

உப்பு எதற்கு? தண்ணீர் உறைவது 0 டிகிரியில். சர்க்கரை கலந்த க்ரீமுக்கு அந்தக் குளிர் போதாது. ஐஸில் உப்பைக் கலந்தால் அது உருகும்போதே வெப்பத்தை உறிஞ்சி, பூஜ்யத்துக்குக் கீழே பத்துப் பன்னிரண்டு டிகிரி வரை இறங்கிவிடும். வெறும் ஐஸுக்குள் நாள் பூராவும் வைத்திருந்தாலும் க்ரீம் க்ரீமாகவேதான் இருக்கும்.

சரி, குறிப்பை எழுதியவர் ஜெஃபர்சன். வேலை பார்த்தது யார்? அவர் இல்லை!

ஜேம்ஸ் ஹெமிங்ஸ் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? ஜெஃபர்சனின் அடிமை. 1784-ல் ஜெஃபர்சன் பாரிஸுக்குப் போனபோது, பத்தொன்பது வயது ஜேம்ஸைக் கூடவே கூட்டிப்போனார். பிரெஞ்சுச் சமையல் கற்றுக்கொண்டு வந்து தனக்குச் சமைத்துப் போட வேண்டும் என்பதற்காக. ஜேம்ஸும் கற்றார். பெரிய சமையல்காரர்களிடம் தொழில் பழகி, பாரிஸில் ஜெஃபர்சன் வீட்டு அடுக்களைக்கே தலைவரானார். பிரான்ஸ் மண்ணில் அவர் வழக்குப் போட்டிருந்தால் விடுதலை கிடைத்திருக்க வாய்ப்பு உண்டு. போடவில்லை. 1789-ல் எஜமானரோடு ஊர் திரும்பிவிட்டார்.

இன்னொரு தகவலையும் சொல்லிவிடுகிறேன். ஜேம்ஸ், ஜெஃபர்சனுடைய இறந்துபோன மனைவியின் தகப்பனாருக்கு ஓர் அடிமைப் பெண்ணிடம் பிறந்தவர். முறைப்படி பார்த்தால் மச்சினன்! எல்லா மனிதர்களும் சமமாகவே படைக்கப்பட்டவர்கள் என்று சுதந்தரப் பிரகடனத்தில் எழுதிய மனிதரின் வீட்டில்தான் இது.

1793-ல் ஜெஃபர்சன் ஓர் ஒப்பந்தம் எழுதிக் கொடுத்தார். ஜேம்ஸுக்குச் சமையல் கற்றுக்கொடுக்கத் தனக்கு ஏகப்பட்ட செலவாகியிருக்கிறது. ஆகவே, வேறொருவருக்கு அந்த வித்தையை முழுசாகக் கற்றுக்கொடுத்தால் விடுதலை. நான் படித்தது பி.காம். எந்தக் காகிதத்தையும் கணக்குப் புத்தகமாகப் பார்ப்பது எனக்குப் பழகிப்போன கெட்ட புத்தி. அந்தக் கண்ணோடு பார்த்தால், இது விடுதலைப் பத்திரம் மாதிரியே தெரியவில்லை. போட்ட முதலைத் திரும்ப எடுக்கிற ரசீது!

ஜேம்ஸ் தன் தம்பி பீட்டருக்குச் சொல்லிக்கொடுத்தார். அதாவது, தம்பியை அடுப்படியில் நிறுத்திவிட்டு அண்ணன் வெளியே வந்தார். 1796-ல் விடுதலை. 1801-ல் பால்டிமோர் நகரில் தற்கொலை செய்துகொண்டு இறந்துபோனார். வயது முப்பத்தாறு. மறு வருஷம் ஜனாதிபதி மாளிகை விருந்துக்குப் போன ஒருவர், சூடான மாவு உறைக்குள் ஐஸ்கிரீம் உருண்டைகளை வைத்துப் பரிமாறியதை அதிசயித்து எழுதிவைத்திருக்கிறார்.

அடுத்து, அந்த வெனிலா காய்.

வெனிலா என்பது மெக்ஸிகோவைச் சேர்ந்த ஓர் ஆர்க்கிட் கொடி. பிரெஞ்சுக்காரர்கள் அதை இந்தியப் பெருங்கடலில் இருக்கும் ரீயூனியன் தீவுக்குக் கொண்டுவந்து நட்டார்கள். கொடி படர்ந்தது. பூத்தது. காய்க்கவில்லை! பூவுக்குள் ஆணுக்கும் பெண்ணுக்கும் நடுவே ஒரு மெல்லிய தடுப்பு. மெக்ஸிகோவில் அந்த வேலையைப் பார்த்துக்கொள்ள உள்ளூர்ப் பூச்சிகள் இருந்தன. இங்கே இல்லை. 1836-ல் பெல்ஜியத்தில் ஒரு தாவரவியல் பேராசிரியர் செயற்கையாக மகரந்தம் சேர்த்துக் காய்க்க வைத்தார். ஆனால், அந்த முறை தோட்டத்துக்குச் சரிப்பட்டு வரவில்லை.

1841. ரீயூனியனில் ஒரு தோட்டம். எட்மண்ட் என்று ஓர் அடிமைச் சிறுவன். பன்னிரண்டு வயசு. தாய் தகப்பன் இல்லை, பள்ளிக்கூடம் போனதில்லை. பூவை ஒரு கையில் பிடித்து, மெல்லிய குச்சியால் அந்தத் தடுப்பைத் தூக்கி, கட்டை விரலால் ஓர் அழுத்து. முடிந்தது! சில நொடி வேலை. காய் பிடித்தது. முதலாளி அசந்துபோய், அக்கம்பக்கத்துத் தோட்டங்களுக்கெல்லாம் பையனை அனுப்பிக் கற்றுக்கொடுக்கச் சொன்னார்.

தீவு வெனிலாவில் கொழித்தது. பிறகு மடகாஸ்கரும். இன்றைக்கும் மடகாஸ்கரில் ஒவ்வொரு பூவுக்கும் ஆட்கள் கையால்தான் இதைச் செய்கிறார்கள். பூ மலர்ந்திருப்பது ஒரே ஒரு நாள். விட்டால் அவ்வளவுதான்.

எட்மண்டுக்கு என்ன கிடைத்தது? 1848-ல் எல்லா அடிமைகளையும்போல் விடுதலையும், அல்பியஸ் என்ற குடும்பப் பெயரும். பிழைப்பு கிடைக்கவில்லை. திருட்டு வழக்கில் சிறைக்குப் போனார். தீவுக்கே சோறு போட்டவன் இவன் என்று பழைய முதலாளி மன்றாடியதில் முன்கூட்டியே வெளியே வந்தார். நடுவில் ஒரு பிரபல தாவரவியல்காரர், பையனுக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததே நான்தான் என்று கிளம்பினார். அதையும் அந்த முதலாளிதான் மறுத்து எழுதினார். 1880-ல் எட்மண்ட் பரம ஏழையாக இறந்தார்.

சர்க்கரையின் கதை உங்களுக்கு ஓரளவு தெரிந்திருக்கும். கரீபியன் தீவுகளின் கரும்புத் தோட்டங்கள், ஆப்பிரிக்காவிலிருந்து கப்பல் கப்பலாக அடிமைகள். ஆனால், ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. 1791-ல் பிரிட்டனில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள், அடிமைகள் விளைவித்த சர்க்கரை எங்கள் வீட்டுக்குள் வரக்கூடாது என்று நிறுத்திவிட்டன. அப்படி நிறுத்தியவர்கள் சுமார் மூன்று லட்சம் பேர் என்று அடிமை வணிக எதிர்ப்பாளர் தாமஸ் கிளார்க்ஸன் கணக்குச் சொன்னார். பெண்களுக்கு ஓட்டுரிமை இல்லாத காலம். ஓட்டு இல்லாவிட்டால் என்ன? சர்க்கரை டப்பா அவர்கள் கையில்தானே இருந்தது!

1834-ல் பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்தில் அடிமை முறை ஒழிப்பு அமலுக்கு வந்தது. கரும்பு வெட்ட ஆள்? நம்மவர்கள். ஒப்பந்தக் கூலிகளாக மொரீஷியஸுக்கும், பின்னர் ஃபிஜிக்கும் போனார்கள். சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கூலிகளை ஏற்றிய முதல் கப்பல் ‘ட்ரூரோ’, 1860 நவம்பர் 16 அன்று டர்பனில் கரை தொட்டது. ஃபிஜி கரும்புத் தோட்டத்தில் கதறிய நம் பெண்களுக்காகப் பின்னாளில் பாரதி பாடினார்.

ஐஸுக்கும் நமக்கும் சம்பந்தம் உண்டு. சென்னை வாசகர்கள் ஐஸ் ஹவுஸ் பஸ் ஸ்டாப்பைத் தாண்டாமல் இருந்திருக்க மாட்டீர்கள். ஃப்ரெடரிக் ட்யூடர் என்ற பாஸ்டன் வியாபாரி, மாசசூசெட்ஸ் ஏரிகளில் உறைந்த ஐஸை வெட்டி, மரத்தூளில் பொதிந்து உலகமெங்கும் விற்றார். 1833-ல் கல்கத்தாவுக்கு 180 டன் கிளம்பி, நான்கு மாதக் கடல் பயணத்துக்குப் பிறகு சுமார் 100 டன் வந்து சேர்ந்தது. சென்னைக் கிடங்குதான் 1842-ல் கட்டிய ஐஸ் ஹவுஸ். இன்றைய விவேகானந்தர் இல்லம்.

சரி, இந்த மூன்றாவது ரகம் எப்படி முதல் ரகமானது? 1843-ல் பிலடெல்ஃபியாவைச் சேர்ந்த நான்சி ஜான்சன் என்ற பெண்மணி, கைப்பிடி வைத்துச் சுற்றுகிற ஐஸ்கிரீம் வாளிக்குக் காப்புரிமை வாங்கினார். சுற்றும்போதே உள்ளிருக்கும் துடுப்பு ஓரத்தைச் சுரண்டிவிடும். வேலை பாதியாகக் குறைந்தது. 1856-ல் கெயில் போர்டனின் கண்டென்ஸ்டு மில்க். 1874-ல் ஜெர்மானிய ரசாயனக்காரர்கள் பைன் மரச் சாற்றிலிருந்து வெனிலின் செய்தார்கள். நம் அலமாரியில் இருக்கும் எசென்ஸ் பாட்டில் பெரும்பாலும் அந்த வம்சம். பிறகு ஃப்ரீஸர். அவ்வளவுதான். அரை நாள் கூத்து, பத்து நிமிஷ வேலையாகச் சுருங்கிவிட்டது.

சுருங்கியது நல்லதுதான். யாரும் குற்ற உணர்ச்சியோடு ஐஸ்கிரீம் சாப்பிட வேண்டாம், ருசிக்காது. ஆனால் கணக்கு என்று வந்தால், பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம் எழுதித்தான் தீர வேண்டும். ‘சுலபம்’ என்று நாம் எழுதுகிற வரிக்கு எதிர்ப் பக்கத்தில் யாரோ ஒருவரின் தோள்வலி இருக்கிறது. அந்தப் பக்கத்தில் ஜேம்ஸ், எட்மண்ட் என்று இரண்டு பெயர்களாவது நமக்குத் தெரிகின்றன. கரும்பு வெட்டியவர்களில் பெரும்பாலோருக்கு அதுவும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, முதல் ரகத்தை விட்டுவிட்டு இரண்டாவது ரகத்தைச் செய்து பாருங்கள். செல்போனை அணைத்துவிட்டு! கை வலிக்கும். கிண்டும்போது பக்கத்தில் வந்து நிற்கிற பிள்ளை, இது என்ன வாசனை என்று கேட்கும். வெனிலா என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். அந்தப் பையனுக்கும் பன்னிரண்டு வயசுதான்.