ஒரே பெட்டி, தனித்தனிப் பேரேடு

ஒரே கடையில் மளிகை ஒரு பக்கம், உரம் ஒரு பக்கம் விற்கும் முதலாளி என்ன செய்வார்? கூரை ஒன்று, விளக்கு ஒன்று, கணக்குப்பிள்ளையும் ஒருவர்தான். ஆனால் பேரேடு இரண்டு, கல்லாப்பெட்டி இரண்டு. காமர்ஸ் வகுப்பில் முதல் வருடமே சொல்லித்தரும் 'வணிகத் தனித்தன்மைக் கருத்து' இதுதான். ஒரே கம்ப்யூட்டரில் பல டேட்டாபேஸ் சர்வர்களை ஓட்டுவதும் இதே சமாச்சாரம். இந்த யோசனை வந்த பாதையில் வில்லியனூருக்கும் ஒரு இடம் இருக்கிறது.

1880: பத்து கம்யூன்கள்

பிரெஞ்சு அரசு 1880இல் தன் இந்தியப் பகுதிகளைப் பத்து கம்யூன்களாகப் பிரித்தது. புதுச்சேரிப் பகுதிக்கு நான்கு: புதுச்சேரி, உழவர்கரை, வில்லியனூர், பாகூர். மேலே ஒரே கவர்னர். கீழே ஒவ்வொரு கம்யூனுக்கும் தனி மன்றம், தனி மேயர். 1907இல் கம்யூன்களின் எண்ணிக்கை பதினேழு ஆனது. ஒரே ஆட்சியின் கீழ் தனித்தனி நிர்வாகம் என்பது இந்த ஊர்களுக்கு ரொம்பப் பழைய பழக்கம்.

கம்ப்யூட்டருக்குள் வந்த கதை

1986இல் பெங்களூரில் பியூட்ரானிக்ஸ் என்ற பெயரில் ஒரு கம்பெனி தொடங்கியது. அதன் டேலி நம்மூர் ஆடிட்டர் அலுவலகங்களில் எல்லாம் நுழைந்தது. ஒரு ஆடிட்டரிடம் நாற்பது கடைகளின் கணக்கு இருக்கும், கம்ப்யூட்டர் ஒன்றுதான் இருக்கும். டேலி ஒவ்வொரு கடைக்கும் எண் போட்ட ஒரு தனி ஃபோல்டர் வைத்துக்கொண்டது. ஒரு கடையின் ஃபோல்டர் கெட்டுப்போனால் மற்ற கடைகளின் கணக்கு அப்படியே இருக்கும்.

1995இல் மைஎஸ்க்யூஎல் வந்தது. பெர்க்லி பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியிலிருந்து வளர்ந்த இன்னொரு டேட்டாபேஸ் 1996இல் போஸ்ட்கிரெஸ்க்யூஎல் என்று பெயர் மாற்றிக்கொண்டது. இரண்டிலும் விதி ஒன்றுதான். ஒரு சர்வர் ஓட அதற்கென்று ஒரு டேட்டா டைரக்டரி வேண்டும், வெளியிலிருந்து பேச ஒரு போர்ட் எண் வேண்டும். மைஎஸ்க்யூஎல் வழக்கமாக 3306இல் காத்திருக்கும். அதே பெட்டியில் இரண்டாவது சர்வர் வேண்டுமென்றால் அதற்கு 3307 கொடுத்து, டைரக்டரியையும் வேறாக வைக்க வேண்டும். பழைய வெர்ஷனையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டிப் பார்க்கலாம். பரிசோதனைக்கு ஒன்று, நிஜ வேலைக்கு ஒன்று என்றும் வைக்கலாம். புது மெஷின் வாங்கும் செலவு மிச்சம்.

ஆனால் இரண்டு சர்வரும் ஒரே டைரக்டரியில் எழுதினால்? இரண்டு கணக்குப்பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஒரே பக்கத்தில் எழுதுவது போலத்தான். பேரேடே குட்டிச்சுவர். அதனால் போஸ்ட்கிரெஸ்க்யூஎல் கிளம்பும்போதே தன் டைரக்டரியில் ஒரு பூட்டு ஃபைலை வைத்துவிடும். அதே டைரக்டரிக்கு இன்னொரு சர்வர் வந்தால் பூட்டைப் பார்த்துவிட்டு 'கிளம்ப மாட்டேன்' என்று நின்றுவிடும்.

1998: வில்லியனூர்

அந்த வருடம் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடாவின் சர்வதேச வளர்ச்சி ஆராய்ச்சி மையத்தின் உதவியோடு புதுச்சேரி கிராமங்களில் 'தகவல் கிராமம்' திட்டத்தைத் தொடங்கியது. நடு மையம் வில்லியனூரில். கிளை மையங்கள் கீழூர், எம்பலம், வீராம்பட்டினம் போன்ற ஊர்களில். போன் லைனை நம்ப முடியாததால் வயர்லெஸ் ரேடியோ வழியே பேச்சும் தகவலும் போயின. கரண்ட் கட்டுக்கு மாற்றாக சோலார் பேனல்.

ஒவ்வொரு ஊருக்கும் தேவை வேறு. வீராம்பட்டினம் மீனவர்களுக்கு அலை உயரம் தெரிய வேண்டும். அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் கிடைத்த அந்தக் கணிப்பு ஒலிபெருக்கியில் ஊருக்கே படிக்கப்பட்டது. விவசாய கிராமங்களுக்கு நெல் விலை, விதை, அரசு உதவித் திட்டங்கள் வேண்டும். வில்லியனூர் மையம் எல்லாவற்றையும் திரட்டித் தமிழாக்கி, எந்த ஊருக்கு எது வேண்டுமோ அதை அனுப்பியது. கிளை மையத்துக்கு இடம் கொடுத்தது அந்தந்த ஊர். நடத்தியது ஊர் தேர்ந்தெடுத்த தொண்டர்கள், பெரும்பாலும் பெண்கள். 2001இல் இந்தத் திட்டத்துக்கு ஸ்டாக்ஹோம் சேலஞ்ச் விருது கிடைத்தது.

பிரித்தால் மட்டும் போதுமா?

தனி டைரக்டரி ஒரு ஆபத்தைத்தான் தடுக்கும்: ஒருவர் கணக்கு இன்னொருவர் கணக்கில் கலப்பதை. ஹார்ட் டிஸ்க் எரிந்தால் எல்லா டைரக்டரியும் ஒன்றாகப் போகும். மெமரி தீர்ந்தால் எல்லா சர்வரும் சேர்ந்து திணறும். இரண்டு கல்லா வைத்த கடையில் தீப்பிடித்தால் இரண்டு கல்லாவும்தான் எரியும். அதனால் ஒவ்வொரு டைரக்டரிக்கும் பேக்கப் எடுத்து வேறு இடத்தில் வைக்க வேண்டும். வேறு மெஷினில் தானே ஓடும் ஒரு நகல் இருந்தால் இன்னும் நல்லது.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை 2004 டிசம்பர் 26 காட்டியது. அன்று காலை நல்லவாடு மீனவர் கிராமத்துக்குச் செய்தி வில்லியனூர் வழியாக வரவில்லை. சிங்கப்பூரில் வேலை செய்த அந்த ஊர் இளைஞர் ஒருவர் சுனாமி பற்றிக் கேள்விப்பட்டு வீட்டுக்குப் போன் செய்தார். ஊர்க்காரர்கள் கிராம மையத்துக்கு ஓடினார்கள். அங்கிருந்த ஒலிபெருக்கியில் 'எல்லோரும் ஓடுங்கள்' என்று அறிவித்தார்கள். அலை வந்தபோது ஊர் காலியாகியிருந்தது. படகுகள் போயின, வீடுகள் போயின. மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் உயிர் பிழைத்தார்கள்.

அந்த ஒலிபெருக்கி வில்லியனூரில் மட்டும் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நடு மையத்தின் உத்தரவுக்குக் காத்திருக்காமல், தன் கருவியைத் தானே இயக்க அந்த ஊருக்கு முடிந்தது. அதுதான் காப்பாற்றியது.

செலவு குறைய ஒரே பெட்டியில் பல சர்வர் வைப்பது புத்திசாலித்தனம்தான், தப்பே இல்லை. வைக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இந்தப் பெட்டி நின்றுபோனால், இதில் எது தன் காலில் நிற்கும்?